ரஷ்யக் கதைகளில் நகரத்து ஏழைகளும் அவர்களுடைய நட்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் சில வருடங்களாக ரஷ்யக் கதைகளைச் சேர்ந்து படித்து வருகிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே கொடுத்திருக்கிறேன். கதைத் தலைப்புகளைப் பொருள்படத் தமிழில் தந்திருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு அவை கொஞ்சம் மாறலாம்.

ரஷ்ய இலக்கியம்னா பெரிய கடல். இதில் எதை முதலில் படிக்கலாம்?

கோகலின் "மேல்கோட்டு" சிறுகதையிலிருந்து தொடங்குங்கள். 1842இல் வெளிவந்தது. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். அப்புறம் தஸ்தயேவ்ஸ்கியின் முதல் நாவலான "ஏழை மக்கள்", 1846. இந்த இரண்டையும் படித்தவருக்கு நகரம், குளிர், அலுவலகம், கடன், வெட்கம் எல்லாம் பழகிவிடும். அதன் பிறகு "குற்றமும் தண்டனையும்" அவ்வளவு மிரட்டாது. அது தமிழில் எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது.

நேரம் குறைவு என்றால் செகாவின் "துயரம்", தஸ்தயேவ்ஸ்கியின் "நேர்மையான திருடன்", கார்க்கியின் "இருபத்தாறு ஆண்களும் ஒரு பெண்ணும்" ஆகிய மூன்று சிறுகதைகள் போதும். நட்பு கிடைக்காதவன், கிடைத்தவன், கையில் இருந்ததைக் கெடுத்துக்கொண்டவர்கள் என்று மூன்று பேரையும் பார்த்துவிடலாம்.

பெயர்களே குழப்புது சார். ஒரே ஆளுக்கு நாலு பெயர் இருக்கே?

ரஷ்யப் பெயரில் மூன்று பகுதி உண்டு: சொந்தப் பெயர், தகப்பன் பெயரிலிருந்து வருவது, குடும்பப் பெயர். "ஏழை மக்கள்" நாவலின் குமாஸ்தா மக்கார் அலெக்ஸியேவிச் தேவுஷ்கின் என்றால் அலெக்ஸியின் மகன் மக்கார், குடும்பம் தேவுஷ்கின். மரியாதையாக அழைக்க முதல் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். நெருங்கியவர்கள் செல்லப் பெயர் சொல்வார்கள்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ரஷ்ய மொழியிலும் நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு. அந்த நாவல் மக்காரும் வர்வாரா என்ற ஏழை இளம்பெண்ணும் எழுதிக்கொள்ளும் கடிதங்களால் ஆனது. கடிதம் முழுக்க "நீங்கள்" போட்டுத்தான் எழுதிக்கொள்கிறார்கள். அத்தனை பாசத்துக்கு நடுவிலும் அந்த மரியாதை விலகுவதில்லை. "குற்றமும் தண்டனையும்" நாவலின் நண்பர்கள் ரஸ்கோல்னிகவும் ரஸுமீகினும் "நீ" என்றே பேசிக்கொள்வார்கள். ரஸுமீகின் வாய்க்கு வாய் "சகோதரா" என்பான். அவர்களுக்குள் எவ்வளவு உரிமை என்பதை அந்த விளியே காட்டிவிடும்.

அரசாங்க உத்தியோகம் இருக்கே, அப்புறம் எப்படி ஏழை?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர் 1722இல் அரசுப் பணியை 14 படிகளாகப் பிரித்தார். "மேல்கோட்டு" நாயகன் அக்காக்கி அக்காக்கியெவிச் ஒன்பதாம் படியில் இருக்கிறார். எட்டாம் படி ஏறினால் பரம்பரைப் பிரபு என்ற தகுதி கிடைக்கும் (1845 வரை அப்படித்தான் இருந்தது). ஒன்பதிலேயே கிழவராகி ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். வேலை, வந்த காகிதத்தை அழகாக நகல் எழுதுவது. சம்பளம் ஆண்டுக்கு 400 ரூபிள். மாதத்துக்கு 33 ரூபிளும் கொஞ்சம் சில்லறையும்.

அந்தப் பணத்தில் வாடகை, சாப்பாடு, விறகு, மெழுகுவத்தி, செருப்பு, சீருடை எல்லாம் ஆக வேண்டும். கூலிக்காரன் கிழிந்த சட்டையோடு வேலைக்குப் போகலாம், குமாஸ்தா போக முடியாது. பார்வைக்குக் கௌரவமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒரு தனிச் செலவு. பசியைக்கூட வெளியில் காட்ட முடியாத ஏழ்மை இது. இந்தக் கதைகள் முழுக்க அதுதான் ஓடுகிறது.

ஒரு கோட்டுக்காக ஒருத்தர் செத்துப் போவாரா? மிகைப்படுத்தலா தெரியுதே.

பீட்டர்ஸ்பர்க் குளிரை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 400 ரூபிள் வாங்குகிற எல்லோருக்கும் பெரிய எதிரி வடக்கத்திக் குளிர்தான் என்று கோகலே எழுதுகிறார். பழைய கோட்டு ஒட்டுப்போடவும் துணி நிற்காத அளவுக்கு நைந்துவிட்டது. தையற்காரர் பெத்ரோவிச் முதலில் 150 என்கிறார், கடைசியில் 80 ரூபிளுக்கு இறங்கி வருகிறார். அதற்காக அக்காக்கி சாயங்காலத் தேநீரை நிறுத்துகிறார். மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. செருப்பின் அடித்தோல் தேயாமல் இருக்கத் தெருவில் நுனிக்காலால் நடக்கிறார். கழுத்துப்பட்டைக்கு நல்ல ரோமம் வாங்க முடியாமல், தூரத்திலிருந்து பார்த்தால் நல்லது போலத் தெரிகிற பூனை ரோமம் வாங்குகிறார். இத்தனைக்குப் பிறகு, போட்டுக்கொண்ட முதல் நாள் இரவிலேயே அது பறிபோகிறது.

என் எண்ணத்தில் அவரைக் கொன்றதில் குளிருக்குப் பாதிப் பங்குதான். மீதி, முறையிடப் போன இடத்தில் "முக்கியப் புள்ளி" ஒருவர் அவரை மிரட்டி விரட்டியது. போய் அழ ஒரு நண்பர்கூட அவருக்கு இல்லை. செத்த செய்தியே அலுவலகத்துக்கு அடக்கம் முடிந்து சில நாள் கழித்துத்தான் தெரிகிறது.

'மூலை' வாடகைக்கு எடுத்தான்னு வருதே, அது என்ன?

அறையைக்கூட வாடகைக்கு எடுக்க முடியாதவர்கள் அறையின் ஒரு மூலையை எடுப்பார்கள். நடுவில் துணியோ பலகையோ தடுப்பு. ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு உடனே புரியும். மக்கார் தேவுஷ்கின் இருப்பது அடுப்படியில் ஒரு தடுப்புக்குப் பின்னால். அந்த வீட்டுக் காற்றில் கூண்டுக் குருவிகள் தாங்காமல் செத்துக்கொண்டே இருக்கின்றன என்று எழுதுகிறார். குடியிருப்பவர் ஒருவர் ஐந்தாவது குருவி வாங்கிவிட்டாராம்.

மக்காருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காமல் இல்லை. வர்வாராவின் ஜன்னல் எதிரே தெரிகிறது, வாடகையும் குறைவு, மிச்சப்படும் பணத்தில் அவளுக்கு ஏதாவது வாங்கி அனுப்பலாம். அந்த வசதிக்காகவே அங்கே வந்ததாக முதல் கடிதத்திலேயே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்.

டீ குடிக்காததுக்குப் போய் ஏன் இவ்வளவு வெட்கம்?

மக்கார் எழுதும் ஒரு விஷயத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தேநீர் குடிக்காமல் இருப்பது அவமானமாக இருக்கிறது, இங்கே இருப்பவர்கள் எல்லாம் வசதியானவர்கள், அதனால் மற்றவர்களுக்காகவே குடிக்க வேண்டியிருக்கிறது என்கிறார். அவருக்காகக் கேட்டால் தேநீர் இல்லாமலே இருந்துவிடுவார்.

பசியைத் தனியாகத் தாங்கிக்கொள்ளலாம், வெட்கத்தை அப்படி முடியாது. பார்க்கிற கண் இருந்தால்தான் வெட்கம். அதனால்தான் இந்தக் கதைகளில் நட்புக்கு இவ்வளவு பெரிய வேலை இருக்கிறது. ரொட்டி கொடுப்பவன் யார் வேண்டுமானாலும் ஆகலாம். கிழிந்த கோட்டோடு யார் முன்னால் கூசாமல் நிற்க முடிகிறதோ அவர்தான் நண்பர்.

சரி, நல்ல நண்பன்னு ஒருத்தரைச் சொல்லுங்க.

தயங்காமல் ரஸுமீகின். "குற்றமும் தண்டனையும்" நாவலில், அடகுக்காரி ஒருத்தியைக் கொன்றுவிடும் ஏழை மாணவன் ரஸ்கோல்னிகவின் தோழன். அவனும் பணம் இல்லாமல் படிப்பை நிறுத்தியவன். ஒரு குளிர்காலம் முழுக்க அறையில் அடுப்பே மூட்டாமல் இருந்துவிட்டு, குளிரில் தூக்கம் நன்றாக வருகிறது என்று சொன்னவன். எப்படியாவது நாலு காசு சம்பாதிக்க வழி கண்டுபிடித்துவிடுவான்.

ரஸ்கோல்னிகவ் காய்ச்சலில் கிடக்கும்போது அவனுடைய அம்மா 35 ரூபிள் அனுப்புகிறாள். அவளுடைய ஓய்வூதியமே ஆண்டுக்கு 120 ரூபிள்தான். அதை ஈடு காட்டி வாங்கிய கடன் இது. அதிலிருந்து பத்து ரூபிள் எடுத்துக்கொண்டு ரஸுமீகின் பழைய துணிக்கடைக்குப் போகிறான். தொப்பி 80 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்), கால்சட்டையும் உள்சட்டையும் சேர்த்து 2 ரூபிள் 25, பூட்சு ஒன்றரை ரூபிள், உள்துணிகள் 5 ரூபிள். மொத்தம் 9 ரூபிள் 55 கோபெக். மீதி 45 கோபெக்கை எண்ணி வைக்கிறான். அளவு தெரிவதற்காக, சேறு காய்ந்து விறைத்துப்போன நண்பனின் பழைய பூட்சையே கையோடு கடைக்குக் கொண்டு போயிருக்கிறான்!

அந்தக் கணக்கை நான் பலமுறை கூட்டிப் பார்த்திருக்கிறேன், சரியாக வருகிறது. கொலை நடந்த நாவலில் ஆசிரியர் ஒரு தொப்பியின் விலைக்கு இத்தனை வரி ஒதுக்குகிறார். அந்த இடத்தில் ரஸுமீகினின் அன்பு முழுவதும் அந்தச் சில்லறைக் கணக்கில்தான் இருக்கிறது.

இவ்வளவு செய்யறவனை ரஸ்கோல்னிகவ் ஏன் உதறித் தள்ளுறான்? நன்றியே இல்லையே.

துணிகளைக் காட்டியதும் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். அதற்கு முன்னால் ஒரு நாள் ரஸுமீகின் அவனுக்கு மொழிபெயர்ப்பு வேலையும் மூன்று ரூபிள் முன்பணமும் கொடுக்கிறான். பேசாமல் வாங்கிக்கொண்டு தெருவரை போனவன் திரும்பி மேலேறி வந்து, இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போகிறான்.

கொலை செய்துவிட்ட கை, நண்பன் கொடுப்பதை எப்படி வாங்கும் என்பது ஒன்று. அதற்கு முன்பிருந்தே ரோஷம் அவனை எல்லோரிடமிருந்தும் பிரித்து வைத்திருந்தது என்பது இன்னொன்று. கொலைக்கு முன்னால் அந்த அடகுக்காரியிடம் அப்பாவின் கடிகாரத்தை வைக்கப் போய் நாலு ரூபிள் கேட்கிறான், அவள் ஒன்றரை என்கிறாள். ரூபிளுக்கு மாதம் பத்து கோபெக், அதாவது பத்து வட்டி. இதற்கும், முன்பு வாங்கிய இரண்டு ரூபிளுக்கும் சேர்த்து வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொண்டு 1 ரூபிள் 15 கோபெக் கையில் தருகிறாள். அவளிடம் கைநீட்டுவது அவனுக்கு வெறுப்பாக இருக்கிறது, ஆனாலும் நீட்டிவிடுகிறான். நண்பனிடம்தான் முடியவில்லை.

அவனை நன்றிகெட்டவன் என்று ஒதுக்குவதற்கு முன்னால் நாவலின் முடிவுரையையும் படியுங்கள். படிக்கிற காலத்தில், காசநோய் பிடித்த ஏழை மாணவன் ஒருவனை ஆறு மாதம் தன் கடைசிக் காசில் பார்த்துக்கொண்டவன் அவன். அந்த மாணவன் இறந்த பிறகு அவனுடைய வயதான தகப்பனையும் மருத்துவமனையில் சேர்த்து, கடைசியில் அடக்கமும் செய்தான். நீதிமன்றத்துக்காக இதைத் தேடி வெளியே கொண்டுவந்தவன் ரஸுமீகின்தான்.

வாங்குறவங்க மனசு நோகாம கொடுக்கிற மாதிரி காட்சி இருக்கா?

எனக்குப் பிடித்தவை மூன்று.

முதலாவது "ஏழை மக்கள்" நாவலில் வர்வாரா தன் இளமையைப் பற்றி எழுதும் பகுதி. பக்ரோவ்ஸ்கி என்ற ஏழை மாணவனின் பிறந்தநாளுக்கு புஷ்கின் படைப்புகளை, மொத்தம் பதினொரு தொகுதி, வாங்கித் தர ஆசைப்படுகிறாள். பழைய புத்தகக் கடையில் பேரம் பேசியும் கொஞ்சம் பணம் குறைகிறது. அதே கடைப் பக்கம் மாணவனின் தகப்பனும் நிற்கிறார். குடிகாரர், மகன் முன்னால் கூனிக் குறுகுகிறவர். மகனுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறார். இருவருமாகச் சேர்ந்து வாங்குகிறார்கள். பத்துத் தொகுதி நீங்கள் கொடுங்கள், பதினொன்றாவது நான் கொடுக்கிறேன் என்கிறார் கிழவர். எல்லாவற்றையும் நீங்களே கொடுங்கள் என்கிறாள் வர்வாரா. காசில் பெரும்பங்கு அவளுடையது, பெயர் முழுக்க அவருக்கு. பிறகு அந்த மகன் இறந்தபோது, மழையில் சவவண்டிக்குப் பின்னால் கிழவர் ஓடுகிறார். பைகளில் திணித்து வைத்திருந்த மகனின் புத்தகங்கள் சேற்றில் விழுந்துகொண்டே போகின்றன. அந்தப் பக்கத்தை வட்டத்தில் சத்தமாகப் படித்து முடிக்க எங்களால் முடிந்ததில்லை.

இரண்டாவது குப்ரினின் "அற்புத மருத்துவர்", 1897. கீயெவ் நகரில் நிலவறையில் வாழும் மெர்த்ஸாலவ் குடும்பம், நோய்ப்பட்ட குழந்தை. பூங்காவில் தற்செயலாகச் சந்தித்த முதியவர் வீட்டுக்கு வந்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். போன பிறகு பார்த்தால் தேநீர்த் தட்டுக்கு அடியில் மருந்துச் சீட்டோடு பணம். பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் அவர் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பிரகோவ் என்று தெரிகிறது.

மூன்றாவது கொரலென்கோவின் "கெட்ட சகவாசம்", 1885. நீதிபதியின் மகன் வாஸ்யா, பாழடைந்த தேவாலயத்தின் அடியில் வசிக்கும் வாலெக், மருஸ்யா என்ற அண்ணன் தங்கையோடு சேர்கிறான். சூரியன் படாத அந்தக் கல்லறை அறை சின்னப் பெண்ணின் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறது. அவள் இறந்ததும் நீதிபதி மகனிடம் பணம் கொடுத்து, அந்தக் குழந்தைகளின் தகப்பனிடம் "பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், இதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லச் சொல்கிறார். பணம் உன்னிடமிருந்து வந்ததாகச் சொல் என்றும் சேர்க்கிறார்.

மக்காரும் வர்வாராவும் காதலர்களா, நண்பர்களா?

மக்கார் தன் பாசம் தகப்பன் பாசம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அத்தனை முறை சொல்வதே சந்தேகத்தைக் கொடுக்கும். என் வாசிப்பில் மக்கார் பக்கம் காதல், வர்வாரா பக்கம் நட்பும் நன்றியும். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை இருவருமே பேசாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் உதவி ஒரு பக்கமாகவே போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அவளுக்கு உடம்பு சரியில்லாதபோது அவர் சம்பளத்தை முன்கூட்டியே வாங்கிச் செலவழிக்கிறார், துணியை விற்கிறார். தன்னிடம் சேமிப்பு இருப்பதாக அவளிடம் பொய் சொல்கிறார். உண்மை தெரிந்ததும் அவள் கோபித்துக்கொள்கிறாள். அப்புறம் அவர் குடியில் விழுந்த நாட்களில் தன் தையல் கூலியிலிருந்து அவருக்குச் சில்லறை அனுப்புகிறாள். கொடுத்தவர் வாங்குகிறவராக மாறும் அந்த இடம் மக்காருக்குத் தாங்க முடியாத அவமானம். அதையும் அவரால் எழுத முடிந்தது வர்வாராவுக்கு மட்டும்தான்.

பெண்களுக்குள்ளே நட்பே கிடையாதா?

குறைவுதான். ஆனால் ஒன்று இருக்கிறது, பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது. "குற்றமும் தண்டனையும்" நாவலின் சோனியாவும் லிஸவேதாவும். லிஸவேதா அடகுக்காரியின் தங்கை, பழைய சாமான் வாங்கி விற்பவள். சோனியா குடும்பத்துக்காக உடம்பை விற்க நேர்ந்தவள். இருவரும் சேர்ந்து வேதம் படிப்பார்கள். சோனியாவுக்குக் கழுத்துப்பட்டையும் கைப்பட்டையும் மலிவாகக் கொடுத்தது லிஸவேதாதான். சிலுவையும் சிறு திருவுருவமும் மாற்றிக்கொண்டார்கள். ரஷ்யர்களிடம் சிலுவை மாற்றிக்கொள்வது உடன்பிறப்பு ஆவதற்குச் சமம்.

அந்த லிஸவேதாவையும் ரஸ்கோல்னிகவ் கொன்றுவிட்டான். பிறகு சோனியாவின் அறையில், வேதத்தில் இறந்த லாசரஸ் உயிர்த்தெழுந்த பகுதியை வாசிக்கச் சொல்கிறானே, அந்தப் புத்தகம் லிஸவேதா கொடுத்தது. இது தெரிந்துகொண்டு அந்த அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள்.

'நேர்மையான திருடன்' கதையில் திருடனோடு என்ன நட்பு?

அஸ்தாஃபி இவானிச் ஒரு தையற்காரர், பழைய சிப்பாய். எமெல்யான் என்ற குடிகாரன் அவரை ஒட்டிக்கொள்கிறான். வீடு மாறினாலும் தேடி வந்து உட்கார்ந்திருக்கிறான். ஒருநாள் விற்பதற்காக வைத்திருந்த கால்சட்டை காணாமல் போகிறது. நான் எடுக்கவில்லை என்று சாதித்து, கட்டிலுக்கு அடியில் புகுந்து தேடவும் செய்கிறான் எமெல்யான். பிறகு எங்கோ போய்விடுகிறான். திட்டித் தீர்த்த அஸ்தாஃபிக்கு அவன் இல்லாமல் சோறு இறங்கவில்லை.

திரும்பி வந்தவன் நோயில் படுக்கிறான். நான் செத்தால் இந்தக் கோட்டை விற்றுக்கொள்ளுங்கள், அதோடு புதைக்க வேண்டாம் என்கிறான். கடைசி மூச்சில், அந்தக் கால்சட்டையை எடுத்தது நான்தான் என்று சொல்கிறான். கோட்டை யாரும் வாங்கமாட்டார்கள் என்பது அஸ்தாஃபிக்குத் தெரியும். அதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

நட்பு இருந்தா கஷ்டம் தீரும்னுதான் இந்தக் கதைகள் சொல்லுதா?

இல்லை. தஸ்தயேவ்ஸ்கியின் "பலவீன இதயம்" (1848) கதையைப் பாருங்கள். ஒரே அறையில் வசிக்கும் இரண்டு இளம் குமாஸ்தாக்கள், அர்காதியும் வாஸ்யாவும். வாஸ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. மூவரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று அர்காதி சந்தோஷப்படுகிறான். ஆனால் மேலதிகாரி தனியாகக் கொடுத்த நகல் வேலை வாரக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. நன்றிகெட்டவனாகிவிட்டேன் என்ற பயத்தில் வாஸ்யா இரவு பகலாக எழுதுகிறான். ஒரு கட்டத்தில் மை தொடாத பேனாவால் வெறும் தாளில் எழுதிக்கொண்டே போகிறான். புத்தி பேதலித்துவிட்டது. அந்த வேலை அவசரமே இல்லாதது என்று கடைசியில் அதிகாரி சொல்கிறார்.

அர்காதியைவிட நல்ல நண்பன் அவனுக்குக் கிடைத்திருக்க முடியாது. தனக்கு வந்த சந்தோஷத்துக்குத் தான் தகுதியில்லை என்ற எண்ணம் வாஸ்யாவுக்குள் வேரோடிவிட்டது, அதை அர்காதியால் பிடுங்க முடியவில்லை. படிப்படியாக அடுக்கிய அந்தச் சமூகம் ஒரு மனிதனுக்குள் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கதை எனக்குத் தெரியாது.

ஏழைகள் எல்லாம் நல்லவங்கன்னு காட்டுறாங்களே, அது சரியா?

அப்படிக் காட்டவில்லை. கார்க்கியின் "இருபத்தாறு ஆண்களும் ஒரு பெண்ணும்" 1899இல் வந்தது. நிலவறையில் பிஸ்கட் வளையங்கள் செய்யும் 26 தொழிலாளிகளுக்கு, காலையில் வந்து எட்டிப் பார்க்கும் பதினாறு வயது தான்யாதான் ஒரே வெளிச்சம். பிறகு அவர்களே ஒரு சிப்பாயை உசுப்பேற்றி, அவள் மயங்குவாளா என்று சோதிக்கிறார்கள். மயங்கியதும் 26 பேரும் சூழ்ந்து நின்று வசை பொழிகிறார்கள். அவள் நிமிர்ந்து அவர்களைத் தாண்டி நடந்து போய்விடுகிறாள், திரும்பி வரவே இல்லை. நண்பர்கள் என்று நினைத்துக்கொண்ட கூட்டம் அவளைச் சொத்தாகத்தான் வைத்திருந்தது.

சோவியத் காலத்துக்கு வந்தால் 1920களில் ஸோஷெங்கோவின் "நரம்புத் தளர்ச்சிக்காரர்கள்". பொது அடுப்படியில், அடுப்பைத் தேய்க்கும் ஒரு சின்னத் தூரிகைக்காகக் குடித்தனக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். இட நெருக்கடி மனிதர்களை எப்போதும் நெருக்கமாக்கிவிடாது.

யாருமே இல்லாதவங்க என்ன செய்வாங்க?

செகாவின் "துயரம்" (1886). குதிரை வண்டிக்காரர் இயோனாவின் மகன் அந்த வாரம்தான் இறந்தான். வண்டியில் ஏறிய அதிகாரியிடம், கூத்தடிக்கும் மூன்று இளைஞர்களிடம், வாசற்காவலாளியிடம், தங்குமிடத்தில் ஒரு இளம் வண்டிக்காரனிடம் சொல்லப் பார்க்கிறார். அந்தப் பையன் பாதியிலேயே போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகிறான். ஓட்ஸ் வாங்கவும் அன்று வருமானமில்லை. கடைசியில் லாயத்தில் வைக்கோல் மெல்லும் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்கிறார்.

அந்த இளம் வண்டிக்காரன் கெட்டவன் இல்லை, களைத்திருந்தான். இன்னொருவர் துக்கத்தைக் கேட்கத் தெம்பு வேண்டும், அதையும் உழைப்பு பிடுங்கிக்கொள்கிறது.

எல்லாமே அழுகைதானா? சிரிப்பு, பாட்டு எதுவும் இல்லையா?

குப்ரினின் "காம்ப்ரினஸ்" (1907) படியுங்கள். ஒடெஸா துறைமுகத்தில் ஒரு நிலவறை மதுக்கடை. அங்கே வயலின் வாசிக்கும் யூதர் சாஷ்கா. மாலுமிகள், மீனவர்கள், சுமைகூலிகள் எல்லோருக்கும் அவரவர் ஊர்ப் பாட்டை வாசிப்பார். யூதர்களுக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு கை முடமாகி வந்தவரிடம் வயலின் இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன ஊதுகுழலை எடுத்து ஊதுகிறார், கடையே ஆடுகிறது.

எழுதினவங்க உண்மையிலேயே ஏழையா இருந்தாங்களா?

ஒவ்வொருவர் கதையும் வேறு. கார்க்கி கஸானில் ரொட்டிச்சாலையில் வேலை பார்த்தவர். செகாவின் அப்பா 1876இல் கடன் தாங்காமல் தகன்ரோக் ஊரைவிட்டு ஓடினார். குடும்பம் மாஸ்கோவில் நிலவறையில் குடியிருந்தது. கோகல் கொஞ்ச காலம் பீட்டர்ஸ்பர்க்கில் குமாஸ்தாவாக இருந்தார். தஸ்தயேவ்ஸ்கி பிறந்தது மாஸ்கோவின் ஏழைகள் மருத்துவமனை வளாகத்தில், அப்பா அங்கே மருத்துவர்.

"ஏழை மக்கள்" வெளியானதே நட்பால்தான். 1845இல் தஸ்தயேவ்ஸ்கியோடு ஒரே வீட்டில் இருந்த கிரிகரோவிச், கைப்பிரதியைக் கவிஞர் நெக்ராசவிடம் கொண்டுபோனார். பத்துப் பக்கம் படித்துப் பார்ப்போம் என்று தொடங்கி இருவரும் விடிய விடியப் படித்துவிட்டு, காலை நாலு மணிக்கு ஆசிரியரை எழுப்பி வாழ்த்தினார்கள்.

"நாம எல்லாரும் கோகலின் மேல்கோட்டிலிருந்து வந்தவங்க"ன்னு தஸ்தயேவ்ஸ்கி சொன்னாரா?

அவர் எழுத்தில் எங்கும் அது இல்லை. பிரெஞ்சு விமர்சகர் தெ வொக்யுவே 1886இல் ஒரு ரஷ்ய எழுத்தாளர் சொன்னதாக எழுதினார், பெயர் குறிப்பிடவில்லை. பிறகு அது தஸ்தயேவ்ஸ்கி பெயரில் நிலைத்துவிட்டது.

அப்படின்னா மக்கார் 'மேல்கோட்டு' படிச்சுட்டு ஏன் அவ்வளவு கோபப்படுறார்?

இது நல்ல கேள்வி. வர்வாரா கொடுத்து அனுப்பிய அந்தக் கதையை மக்கார் படிக்கிறார். யாரோ தன் அறைக்குள் எட்டிப் பார்த்து, தன் செருப்பையும் கிழிசலையும் ஊருக்குக் காட்டிவிட்டதாகக் கொதிக்கிறார். தேநீர் பற்றிய பதிலில் சொன்ன அதே வெட்கம். அதைவிட, அந்தக் கதையில் அக்காக்கிக்கு யாருமே இல்லை. சக ஊழியர்கள் கேலி செய்யும்போது, என்னை விடுங்கள் என்று அவர் கெஞ்சுவது ஒரே ஒரு இளைஞன் காதில் மட்டும் "நான் உன் சகோதரன்" என்று ஒலிக்கிறது, அதுவும் சொல்லப்படாத சொல்லாக.

மக்காரின் வாழ்க்கையில் அதற்கு ஒரு பதில் வருகிறது. பெரிய அதிகாரியின் முன்னால் அவருடைய பொத்தான் அறுந்து உருண்டு ஓடுகிறது, அவர் அதன் பின்னால் குனிந்து ஓடுகிறார். அதிகாரி கத்தவில்லை. மற்றவர்கள் போன பிறகு 100 ரூபிள் கொடுத்து, கையைப் பிடித்துக் குலுக்குகிறார். அந்தப் பணத்தைவிட அந்தக் கைகுலுக்கல் பெரிது என்று எழுதுகிறார் மக்கார். 45 ரூபிள் வர்வாராவுக்கு, 20 வீட்டுக்காரிக்கு, மீதி தனக்கு என்று உடனே பிரித்தும் விடுகிறார்.

கடைசியில் வர்வாரா பணக்காரன் பீக்கவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிடுறாளே. அவளுக்கு மக்கார் மேல அக்கறையே இல்லையா?

கூட்டத்தில் இதற்குச் சண்டையே வந்திருக்கிறது. அவளுக்கு முன்னால் இருந்த வழிகள் நோய், பட்டினி, தெரு. மக்காரால் இனித் தாங்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். இருந்தும் கல்யாணத் துணிமணிகளுக்காக அவரையே கடைகடையாக அலைய விடுகிறாள், அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

புறப்படும் சமயத்தில் மக்கார் அவளுடைய அறையைப் போய்ப் பார்க்கிறார். தையல் அப்படியே மூலையில் இருக்கிறது. தன் கடிதம் ஒன்றின்மேல் அவள் நூல் சுற்றத் தொடங்கியிருப்பதைக் காண்கிறார். மேசையில் ஒரு தாள், அதில் அவர் பெயரை விளித்து "அவசரமாக" என்றதோடு நின்றுபோன ஒரு வரி. மறுநாள், செப்டம்பர் 30, அவள் கடைசிக் கடிதம் எழுதுகிறாள். புத்தகத்தையும் தையல் சட்டத்தையும் அந்தத் தொடங்கிய கடிதத்தையும் உங்களுக்கு விட்டுப் போகிறேன், அந்த வரியைப் பார்க்கும்போது அதற்கு மேல் நான் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புவீர்களோ அதை மனதுக்குள் படித்துக்கொள்ளுங்கள் என்கிறாள்.

அதற்கு மக்கார் எழுதும் பதிலில் தேதி இல்லை. அது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நாவல் சொல்வதில்லை.